வெந்நீர்

"தம்பி செத்த இடத்தை இன்னிக்கு எனக்குக் காட்டற. இன்னிக்காவது உண்மையைச் சொல்ற. இல்லேன்னா இந்த ஊர்ல ஒருத்தரும் உன்கூடக் கடல்ல இறங்க மாட்டாங்க. முக்குளிக்கிறவங்க சங்கத்துல சொல்லி உன்ன நீக்காம விடமாட்டேன்" என்றாள் சுன்னீவா.

எஸ்கில் தலையைக் குனிந்தபடி இடுப்பில் ஈயப் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

படகை ஓட்டி வந்த ஹால்வர் இருவருக்கும் நண்பன். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது எப்போதும் இப்படிப்பட்டவர்கள்தான். "மொதல்ல இறங்கிட்டு வாங்கப்பா. சண்டையைக் கரையில வெச்சுக்கலாம்" என்றான்.

முன்பு நால்வராக வருவார்கள். மார்ச் வந்தால், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்து நீளும் அந்த ஃபியோர்டின் பாறைகளில் முட்டையிட வரும் குண்டு மீன்களைப் பார்க்காமல் அவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. போன மார்ச்சில் சுன்னீவாவின் தம்பி சிவெர்த்தும் எஸ்கிலும் ஜோடியாக இறங்கினார்கள். எஸ்கில் அவனைப் பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தான். சிலிண்டரில் ஒரு பொட்டுக் காற்று இல்லை.

"மீனைப் படம் எடுக்கத் தள்ளிப் போயிட்டேன். திரும்பிப் பாக்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுடுச்சு" என்று போலீஸிடமும் அவளிடமும் எஸ்கிலே சொன்னான். கூட இறங்கியவனை விட்டுவிட்டு நகர்வதைப்போல் ஒரு பாவம் முக்குளிப்பவர்களுக்குக் கிடையாது. கொலை செய்தவனைக்கூட அந்த ஊர் மன்னித்திருக்கும்.

படகில் தெறித்த தண்ணீர் அங்கங்கே பனிக்கட்டியாகிக் கிடந்தது. தாடியில் மூச்சு உறைகிற குளிர்.

"குடு இப்படி" என்று, சிலிண்டர் காற்றை இழுக்கும் எஸ்கிலின் வாய்க்குழாயைப் பிடுங்கினாள் சுன்னீவா. தன் வாயில் வைத்து ஆழமாக இழுத்து, அதற்குள்ளேயே மூச்சை விட்டாள். இன்னொரு முறையும் இழுத்து விட்டாள். "காத்து வருது. போ. கூட வர்றவங்க குழாயை என் வாயில வெச்சுப் பாத்துட்டுத்தான் குடுப்பேன். அது எதிரியா இருந்தாலும் சரி."

கேனரித் தீவுகளின் வெதுவெதுப்பான கடலில் முக்குளிக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளுக்கு அது பழக்கம்.

எஸ்கில் வாங்கிக்கொண்டான். அவளுடைய குழாயைக் கடலுக்குள் அமிழ்த்திச் சோதித்துக் கொடுத்தான். அவள் கால்துடுப்பை மாட்டக் குனிந்ததும், பையிலிருந்து ஃபிளாஸ்கை எடுத்துத் தன் குழாயின்மேல் ஊற்றினான். ஆவி பறந்தது.

"காபியை ஏன்டா கொட்டற?" என்றான் ஹால்வர்.

"வெறும் வெந்நீர்தான்."

சுன்னீவா நிமிர்ந்து பார்த்தாள். "தொரைக்கு உதடு குளிருது போல. என் தம்பி மார்ச்சுவரியில கெடந்தான். அவனுக்குக் குளிரலியா?"

இருவரும் இறங்கினார்கள். காற்றுக் குமிழிகளைப் பார்த்தபடி ஹால்வர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலே வரும்வரை அவன் அவனாக இல்லை.

முதலில் சுன்னீவா ஏறினாள். முகமூடியைக் கழற்றியபோது கண்கள் சிவந்திருந்தன.

"மீனைப் பாத்தியா?" என்று ஹால்வர் பேச்சை மாற்றப் பார்த்தான்.

"பாத்தேன். பொம்பளை மீன் முட்டையைப் போட்டுட்டுப் போயிடுச்சு. ஆம்பளை மீன்தான் பாறையைக் கவ்விக்கிட்டுக் காவல் இருக்கு. கையால தள்ளிவிட்டேன். போய்ட்டு அதே எடத்துக்குத் திரும்பி வருது. அலை அடிக்குது, நண்டு கடிக்க வருது, நகர மாட்டேங்குது." அவள் எஸ்கிலைப் பார்த்தாள். "ஒரு மீனுக்கு இருக்கிற விசுவாசம் உனக்கு இல்லாமப் போச்சே. இப்பவாவது சொல்லு. அன்னிக்கு கீழ என்னதான் நடந்துச்சு?"

எஸ்கில் ஈயப் பட்டையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"சொன்னதுதான். படம் எடுக்கத் தள்ளிப் போயிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"சரி. இன்னியோட நீ சங்கத்துல இல்ல." அவள் படகோட்டி பக்கம் திரும்பினாள். "ஹால்வர், ஞாயித்துக்கிழமை படகு வேணும். புதுசா சேந்த பொண்ணுங்களை நானே கூட்டிட்டு இறங்கறேன். கூட வர்றவங்களை எப்படிப் பாத்துக்கணும்னு நான் கத்துக்குடுக்கறேன்."

கரை வந்ததும் அவள் சாமான்களைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பாராமல் காருக்குப் போய்விட்டாள்.

ஹால்வருக்கு மனசு கேட்கவில்லை. "ஒரு மன்னிப்பாவது கேட்டிருக்கலாமேடா. கல்லு மாதிரி உக்காந்திருந்தா அவ என்னதான் பண்ணுவா?"

எஸ்கில் பையைத் திறந்து ஃபிளாஸ்கை எடுத்து அவன் கையில் வைத்தான்.

"இது எதுக்கு எனக்கு?"

"ஞாயித்துக்கிழமை வெந்நீர் ரொப்பி எடுத்துட்டு வா. அவ ஊதிப் பாத்துக் குடுக்கற குழாய் மேல எல்லாம், அவ பாக்காதப்ப ஊத்திடு. ஒண்ணுகூட விட்டுடாத."

"ஏன்?"

"இந்தக் குளிர்ல, படகு மேல வெச்சு ஊதினா, மூச்சோட ஈரம் உள்ளயே உறைஞ்சுடும். ஆழத்துக்குப் போனதும் குழாய் மூடாம, சிலிண்டர்ல இருக்கிற காத்து மொத்தமும் கொட்டிடும். அப்புறம் ஐஸ் உருகிடும். ஒரு தடயமும் இருக்காது."

ஹால்வர் அவன் பக்கம் திரும்பினான். "நீ படம் எடுக்கப் போனதாச் சொன்னியே..."

"நான் எங்கயும் போகல. என் குழாயை அவன் வாயில வெச்சேன். அதுக்குள்ள தண்ணியைக் குடிச்சிட்டான்" என்றான் எஸ்கில், தூரத்தில் கிளம்பும் சுன்னீவாவின் காரைப் பார்த்தபடி. "அவன் குழாயை அன்னிக்கும் அவதான் ஊதிக் குடுத்தா. என்கிட்ட வெந்நீர் இல்ல."