தொண்ணூற்றேழு சதவீதம்

"தொண்ணூத்தேழு சதவீதமா!"

மானேஜர் போட்ட சத்தத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. எதிரே அட்டவணையோடு நின்றவள் ஓரடி பின்வாங்கினாள். ஊரார் பதில்களையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அட்டவணை எடுக்கிற அவளுக்கு, அந்தக் கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் 'டேபிள் அக்கா' என்று பெயர். இந்த முறை தலைமை அலுவலகம், மானேஜரையும் சேர்த்து முப்பது பேரிடம், 'உங்கள் அலுவலகத்தில் என்ன குறை?' என்று கேட்டிருந்தது. பெயர் வேண்டாம். எத்தனை குறைகளுக்கு வேண்டுமானாலும் டிக் போடலாம்.

அக்கவுண்டன்ட் எட்டிப் பார்த்தார். "'மானேஜர் கத்துகிறார்', தொண்ணூத்தேழு. 'ஏ.சி. வேலை செய்யவில்லை', ஏழு. எல்லாத்தையும் கூட்டினா இருநூறைத் தாண்டுதேம்மா?"

"ஒருத்தரே நாலஞ்சு குறை சொல்லலாம் சார். அதான் நூறுல நிக்காது."

மானேஜர் பொத்தென்று உட்கார்ந்தார். "சாயங்காலம் இது மேலே போனா என்னைத் தூக்கிடுவாங்க. டிக் போடாத அந்த ஒரு புண்ணியவான் யாரோ, நல்லா இருக்கட்டும்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பயந்துபோய் டிக் போடாமல் விட்டவள் அவள்தான்.

அடுத்து நடந்ததை யாராலும் நம்ப முடியவில்லை. மானேஜர் ஹாலுக்கு வந்து, "மன்னிச்சிடுங்க. இனிமே கத்த மாட்டேன்" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார். ஹாலே கொண்டாட்டமானது.

"நான்தான் முதல்ல டிக் போட்டேன்!"

"நான் அழுத்தின அழுத்துல மௌஸே உடைஞ்சிருக்கும்!"

ஆளாளுக்கு மார்தட்டினார்கள். தான் ஒருத்திதான் கோழை என்று கூனிக்குறுகியபடி, அவள் ஃபைலால் விசிறிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். சுற்றிலும் பார்த்தாள். எல்லோருமே ஃபைலால்தான் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

ஏ.சி.க்கு ஏழு சதவீதம்தானா?

அவசரமாக மென்பொருளைத் திறந்தாள். டிக் போட்டிருந்தால் அதற்குக் குறியீடு ஒன்று, போடாவிட்டால் இரண்டு. எதை எண்ண வேண்டும் என்ற கட்டத்தில், பாவி, இரண்டு என்று கொடுத்திருந்தாள்! அது டிக் போடாதவர்களை எண்ணித் தள்ளியிருந்தது. அப்படியானால் மானேஜர் கத்துகிறார் என்று சொன்னது ஒரே ஓர் ஆள். அந்த ஒருவரைத் தவிர, ஹாலில் குதிக்கிற வீராதி வீரர்கள் அத்தனை பேரும் அவளைப் போலவே பயந்தாங்கொள்ளிகள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

கமுக்கமாக இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் ஆசை. சத்தமில்லாத அலுவலகம் எவ்வளவு சுகம்! ஆனால் தன் தப்பால் ஒரு மனுஷன் வேலை போவதா? எழுந்து போனாள்.

"சார், நான் தலைகீழா எண்ணிட்டேன். ஏ.சி.தான் தொண்ணூத்திமூணு. நீங்க கத்துறீங்கன்னு ஒரே ஒருத்தர்தான் சொல்லியிருக்காங்க."

காதைப் பொத்திக்கொள்ளத் தயாராக நின்றாள். சத்தம் வரவில்லை. மானேஜர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த ஒருத்தர் யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"முடியவே முடியாது சார். பேரே கேக்கலையே!"

"அப்பாடா!" என்று மூச்சு விட்டார் மானேஜர். "நான் வீட்டுல உக்காந்து நிரப்பினேம்மா. 'அதுக்கு டிக் போடப் போறீங்களா இல்லையா'ன்னு பக்கத்துல நின்னு என் வீட்டுக்காரி கத்தினா."