திமிங்கிலப் படங்கள்

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து வீட்டின் குசினி மேசையில் மிதுஷனின் கமரா இருக்கிறது. பசிபிக் கரையோரம் திமிங்கிலங்களைப் படம் பிடிக்கப் போனவன் படகிலிருந்து விழுந்து மூன்று கிழமையாகிறது. உடல் கிடைக்கவில்லை, படகில் கிடந்த கமரா மட்டும் தபாலில் வந்திருக்கிறது. வெளியே மழை ஈரத்தில் ட்ராம் கிறீச்சிட்டுத் திரும்புகிறது. மரண அறிவித்தலில் போட மகனின் அண்மைய முகம் ஒன்றைத் தேடி, குணசேகரம் ஒவ்வொரு படமாகத் தள்ளுகிறார். பக்கத்தில் சந்திரகாந்தி, ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்தியபடி இருக்கிறாள். முதலில் ஒரு சாம்பல் முதுகு வருகிறது, பிறகு பீறிடும் நீர், பிறகு வால், மறுபடியும் வால். “உன்ரை மகனுக்கு மீன்ரை பின்பக்கம்தான் பிடிச்சிருக்கு,” என்று சிரிக்கப் பார்க்கிறார். “அது மீனில்லையப்பா எண்டு கத்தப்போறான்,” என்கிறாள் அவள். ஒரு படத்தில் அவருடைய விரல் நிற்கிறது. படகோரத்துப் பச்சைத் தண்ணீரில், கமராவை முகத்துக்கு உயர்த்திய ஒருவனின் நிழல் விழுந்திருக்கிறது. காற்றில் எழும்பிய முடிகூடத் தெரிகிறது. “இதையே போடுவம், சந்திரா. ஐயரும் கிரியைக்கு நாள் கேட்டுக்கொண்டு இருக்கிறார்.” அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “நிழல் விழுதெண்டால் பிள்ளை நிக்கிறான். நிக்கிற பிள்ளைக்கு அறிவித்தல் போட ஏலாது.” எட்டி, அவளே பொத்தானை அழுத்துகிறாள். வால் இறங்கிவிட்ட கடல் மட்டும் தெரிகிறது. அதுதான் கடைசிப் படம். அவள் மறுபடி அழுத்துகிறாள். கமரா சுற்றி முதல் படத்துக்கே போக, சாம்பல் முதுகு மேலே வருகிறது. “பாருங்கோ, முடியேல்லை,” என்கிறாள்.