நெஞ்சு நோவு

ஊரில் சிக்னல் கிடைப்பது குழாயடியில் மட்டும்தான். அதனால் டாக்டரும் அங்கேதான் வருவார், நர்ஸின் கைபேசிக்குள். வெள்ளச்சியின் முறை வந்தபோது தண்ணீரும் வந்துவிட்டது. குடத்தோடு பாதி ஊர் நின்றது. அதில் அவள் மாமனாரும் இருந்தார்.

"என்னம்மா பண்ணுது? சத்தமாச் சொல்லுங்க, கேக்கல."

டாக்டருக்கு அவள் மகன் வயதுதான் இருக்கும். இடது முலையில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நெஞ்சுல நோவுங்க," என்றாள்.

டாக்டர் பதறிப்போனார். மூச்சு வாங்குதா, வேர்க்குதா, கைக்கு வலி இறங்குதா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். நர்ஸ் கையிலும் காலிலும் கிளிப் மாட்டி, சேலை விலகாமல் ஈசிஜி எடுத்து அனுப்பினாள்.

"நல்லாத்தான் இருக்கு. நெஞ்சுல ஒண்ணுமே இல்லம்மா, பயப்படாதீங்க."

"அப்பாடா," என்றார் மாமனார்.

கிளிப்பைக் கழற்றும்போது நர்ஸ் குனிந்து, "அக்கா, வேற எதாச்சும் இருக்கா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இல்ல கண்ணு."

தன் குடத்தை நிரப்பித் தூக்கி எப்போதும்போல் இடது இடுப்பில் வைத்தவள், பல்லைக் கடித்துக்கொண்டு வலதுக்கு மாற்றினாள். நர்ஸ் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளச்சி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள்.