இடைவேளையில் கைமாறியவன்

கோவைக் கபடி அணியில் செங்கோடனும் அவன் தம்பி மாயழகும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவிலேயே அணிகள் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்று விதி வந்த பிறகு, இடைவேளை என்றாலே வீரர்கள் மேலாளரின் கண்ணில் படாமல் ஒதுங்குவார்கள். அன்று நெல்லை அணியுடன் ஆட்டம்; இடைவேளையில் மேலாளர் செங்கோடனின் தோளைத் தொட்டார்.

“உன்னை நெல்லைக்குக் கொடுத்தாச்சுப்பா. பதிலுக்கு, அடுத்த வருஷம் வர்ற புதுப் பசங்கள்ல முதல் ஆளை நாம எடுத்துக்கலாம். ஜெர்சிய மாத்திக்க.”

நெல்லைப் பயிற்சியாளர் அவனைக் கட்டியணைத்து வரவேற்றார்.

“உன் தம்பிய எங்க புடிச்சா விழுவான்னு உனக்குத்தானே தெரியும்? அதுக்குத்தான் உன்னையக் கேட்டு வாங்குனேன்.”

செங்கோடன் நெல்லை ஜெர்சியை மாட்டிக்கொண்டான். தம்பியைத் தொடவே கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டுதான் களத்தில் இறங்கினான்.

மாயழகு கபடி பாடிக்கொண்டு வந்தான். அண்ணன் நிற்கும் பக்கம் பயமில்லை என்று நம்பி, அந்த ஓரமாகவே திரும்பினான். பாடி வருபவனைப் பிடிப்பது பல வருடப் பழக்கம். செங்கோடனின் கை அவனைக் கேட்காமலே பாய்ந்து, ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்திருந்த தம்பியின் இடது காலைப் பிடித்து முறுக்கியது. மேலே நான்கு பேர் விழுந்தார்கள். விறகு ஒடிவது போல முழங்கால் முறிந்தது. மாயழகின் அலறலை அரங்கத்தின் ஆரவாரம் விழுங்கிவிட்டது.

தம்பியைத் தூக்கிப் போனவர்களின் பின்னால் செங்கோடன் ஓடினான். “நெல்லை ஆளு உள்ள வரக் கூடாது” என்று கோவை அணியின் மருத்துவ அறை வாசலில் மறித்த காவலாளியின் தாடையில் குத்தினான். வாயில் ரத்தம் வழிய அவர் சரிந்தார். கதவை உதைத்துத் திறந்தான்.

“தம்பி...”

மேசைமேல் கிடந்த மாயழகு அவனைப் பார்த்ததும், முறியாத காலை வெடுக்கென்று இழுத்து மடக்கிக்கொண்டான்.