தனியத் தூக்குதல்

உடுவிலில் பின்னேர வெயில். முற்றத்துச் செம்மண்ணில் ஆரணியின் மோட்டார் சைக்கிள் சரிந்து கிடக்கிறது. அவளேதான் சரித்தாள். தாங்கி மூடியால் பெற்றோல் கசிந்து மண்ணைக் கறுப்பாக்குகிறது. அடுத்த மாதம் அவள் நண்பர்களோடு லடாக் மலைப்பாதையில் வண்டியோட்டப் போக வேண்டும். விழுந்த வண்டியைத் தனியத் தூக்கிக் காட்டினால்தான் விடுவேன் என்று அப்பா பஞ்சலிங்கம் சொல்லிவிட்டார். அவளுடைய அண்ணன் வண்டிக்கடியில் நசிந்து, தூக்க ஆளில்லாமல் செத்தவன். “குளிர் பாக்கத்தானே? நீ நுவரெலியாவுக்குப் போவன்,” என்கிறார் அப்பா. “கதை குடுக்காதேங்கோ அப்பா, மூச்சுப் போகுது.” அவள் வண்டிக்கு முதுகைக் கொடுத்துக் குந்துகிறாள். ஒரு கை ஹாண்டிலில், மற்றது சீற்றுக்கடியில். குதிகாலை ஊன்றிப் பின்னால் தள்ளுகிறாள். வண்டி பாதி எழுந்து தயங்குகிறது. அப்பாவின் கைகள் தாமாக நீள்கின்றன. “தொடாதேங்கோ!” கைகள் அந்தரத்தில் நிற்கின்றன. வண்டி நிமிர்கிறது. ஸ்ராண்டைத் தட்டிவிட்டு அவள் மூச்சு வாங்குகிறாள்.

அப்பா கிணற்றடிக்குப் போய் வாளியோடு வருகிறார். மண் சேறாகும்வரை தண்ணீரை ஊற்றுகிறார். “அங்கை மலையிலை பனி உருகி, பாதை உப்பிடிக் காஞ்சு கிடக்காது, பிள்ளை.” ஆரணி முகத்தைத் துடைக்கிறாள். ஸ்ராண்டை மடக்கி, வண்டியைச் சேற்றில் மெல்லச் சரிக்கிறாள்.