டிரம்பெட்டில் ஈரம்

பம்பாய்த் துறைமுக ஹோட்டல்களில் ஜாஸ் வாசித்துவிட்டு மலாயாவின் ஜொகூர் பாருவுக்கு வந்தவர் கிரகோரி. போரில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் அந்த இசைக்குத் தடை போட்டான். பிறகு அவரையே சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனான். அவருடைய டிரம்பெட்டை மனைவி பியாட்ரிஸ் காலி அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து அதைத் துடைப்பாள். முன்பெல்லாம் வாசித்து முடித்ததும் அவர் குழாயின் அடியிலுள்ள சிறு மூடியை அழுத்தி, மூச்சு படிந்து தேங்கிய நீரை வடித்துவிடுவார். அதைப் பார்த்துப் பழகியவள், தானும் அழுத்தினாள். நீர் சொட்டியது. ஒவ்வொரு ஞாயிறும் சொட்டியது.

"மழைக்காலம் லா, ஈரம் ஏறியிருக்கும்," என்றாள் பக்கத்து வீட்டு ஹபீபா.

"வெதுவெதுன்னு இருக்கு. தொட்டுப் பாருங்க."

தொட்ட ஹபீபா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

ஈஸ்டர் அன்று மழை கொட்டியது. பியாட்ரிஸ் மூடியை அழுத்தினாள். துளி விழவில்லை.

"இன்னொரு தடவ அழுத்திப் பாருங்க," என்றாள் ஹபீபா மெதுவாக.

உள்ளே வறண்டு கிடந்தது.

பியாட்ரிஸ் டிரம்பெட்டை வாயில் வைத்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. வெறும் காற்றுதான் போனது. ஒரு சொட்டு விழும்வரை ஊதிக்கொண்டே இருந்தாள்.