ஏழாவது போதகர்

"பொம்பளைங்கள போதகரா வைக்கிற வழக்கம் நம்ம சபைல எப்பவுமே கெடையாதும்மா," என்றார் சபைச் செயலாளர் ராஜவேல்.

கிள்ளை பாப்டிஸ்ட் சபையில் இரண்டு வருடமாக உதவிப் போதகராக உழைக்கும் சுவேதா, தன்னைப் போதகராக்கும்படி கேட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை புதுப் போதகரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ராஜவேல் வேண்டாம் என்றால் அங்கே ஒரு கையும் உயராது.

"நம்ம சபை நூற்றாண்டு மலருக்கு ஏழாவது போதகர் சௌந்தரம் போட்டோ மட்டுந்தான் பாக்கி," என்று பேச்சை மாற்றினார் அவர். " எங்கப்பாவுக்கு ஞானஸ்நானம் குடுத்த மகராசர். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே மாத்தலாயி பூட்டாராம். பேரப்புள்ளைங்க கடலூர்ல இருக்காங்க, போய் வாங்கியாங்க."

மறுநாள் காலை கடலூருக்குப் பஸ் ஏறிய சுவேதா, சாயங்காலமே திரும்பி வந்து ராஜவேலிடம் படத்தை நீட்டினாள்.

உப்பங்கழியில், இடுப்பளவுத் தண்ணீரில் ஓர் இளைஞன் கண்ணை மூடி நின்றிருந்தான்.

"எங்கப்பா!" என்று பூரித்தார் ராஜவேல். "நனஞ்ச பொடவையோட ஒரு அம்மா அவரு தலையத் தாங்கிப் புடிச்சிருக்காங்களே, யாரும்மா இது? போதகர் எங்க?"

"அவுங்கதாங்கய்யா போதகர் சௌந்தரம்."

ராஜவேல் படத்தைத் திருப்பினார். பின்பக்கம் அவருடைய அப்பாவின் கையெழுத்து: 'ஞானஸ்நானத்தில் என்னை முழுக்கியெடுத்த போதகரம்மாவுடன்.'

அந்த எழுத்தை அவர் விரலால் தடவினார்.

"மலர்ல முழுப் பக்கத்துக்குப் போடச் சொல்றேன்," என்றார். "ஞாயித்துக்கெழம ஒங்க பேர நானே முன்மொழியறேன், போதகரம்மா."

மாதக்கணக்கில் நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியதில், சுவேதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.